முப்பத்தாறும் இருபத்துநான்கும்

நான் எந்தப் பிள்ளையையும் கை நீட்டி அடித்ததில்லை. இருபத்தாறு வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன், பிரம்பைத் தொட்டது கிடையாது என்று போகிற இடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பிரம்புக்குத் தேவையே இருக்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த வேலையை என் வாய் பார்த்துக்கொண்டது. மல்லாங்கிணற்றுப் பக்கம் மானாவாரிக் காட்டில் பருத்தியும் உளுந்தும் போட்டுப் பிழைத்த குடும்பம் என்னுடையது. மழை ஏமாற்றிய வருடங்களில் வீட்டில் ஆளுக்கு ஆள் ஏசிக்கொள்வோம், ஏசிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒரு சொல் இன்னொருவருக்குள் போய் அங்கேயே தங்கிவிடும் என்பது எனக்கு வெகுகாலம் உறைக்கவில்லை.

வீடு விருதுநகரில். பள்ளி திருத்தங்கலைத் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து நிமிட நடை. எட்டாம் வகுப்போடு முடிகிற நடுநிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்கு ஊரை விட்டு பஸ் ஏறி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை அந்த பஸ்ஸில் ஏறினால் படிப்பு தொடரும், ஏறாவிட்டால் அத்தோடு சரி. ஒரு பிள்ளை என்னால் அதில் ஏறாமல் போக இருந்தாள். அதைத்தான் எழுதுகிறேன். இதில் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை, ஒரே ஒரு பெயரைத் தவிர. அது நான் வைத்த பெயர்.

அவள் ஆறாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியபோது இரண்டாம் வகுப்பை முடிக்கிற நேரத்தில் இருந்த செட் அது. இலக்கம் மாற்றிக் கூட்டுவதை அப்போதுதான் பழகத் தொடங்கியிருப்பார்கள். பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் போனில் பாடம், அதுவும் போன் இருந்த வீட்டில். திரும்ப வந்தபோது ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு இடத்தில் நின்றது. ஒருத்தி பின்னத்தைப் பெருக்குவாள், அவளுக்குப் பக்கத்தில் இருப்பவன் நூறுக்கு மேல் எண்ணத் தடுமாறுவான். எல்லோரும் ஆறாம் வகுப்பு, எல்லோருக்கும் ஒரே புத்தகம்.

முதல் வாரத்திலேயே கரும்பலகையில் 36 எழுதி, அதன் கீழே 24 எழுதி, கூட்டச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன். தயங்காமல் வந்தாள். ஆறும் நாலும் பத்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, கோட்டுக்குக் கீழே பத்தை அப்படியே எழுதினாள். மூன்றும் இரண்டும் ஐந்து. அதை அதற்கு முன்னால் எழுதினாள். பலகையில் 510 என்று நின்றது. சாக்பீஸை வைத்துவிட்டு, சரியாகச் செய்து முடித்தவளின் முகத்தோடு என்னைப் பார்த்தாள்.

“முப்பத்தாறும் இருபத்துநாலும் ஐநூத்திப்பத்தா?” என்றேன். “அடி ஆத்தே, அறுவது பேரை ஒங்கிட்ட விட்டா ஐநூத்திப்பத்துப் பேராக்கிருவ போலயே. தேர்தலுக்கு ஓட்டு எண்ண உன்னையத்தான் கூட்டிட்டுப் போகணும்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். “போய் உக்காரு, ஐநூத்திப்பத்து” என்றேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு வரிசையிலேயே அந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்துவிட்டது. “ஐநூத்திப்பத்து, தட்டை நீட்டு” என்று ஒரு பையன் சொன்னது என் காதில் விழுந்தது. அதட்டியிருக்கலாம். எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த மாதமே எங்களுக்குச் சூலக்கரையில் ஒரு பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பிள்ளைகள் ஒரே நிலையில் இல்லை, எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தால் பாதிப் பேருக்கு அலுப்பு, மீதிப் பேருக்குப் பயம், அவரவர் நிற்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள் என்றார். ஒரு தேர்வு வைத்து மூன்று குழுவாகப் பிரிக்கச் சொன்னார். இதுவரை எனக்கு நன்றாகப் பிடித்தது. பிறகு இரண்டு விஷயம் சொன்னார். குழு நிலையாக இருக்கக் கூடாது, வாரத்துக்கு வாரம் பிள்ளைகள் மாற வேண்டும். தப்பு விடையைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், அந்த விடைக்கு எப்படி வந்தாய் என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு அடிக்கோடும் போட்டேன். டீ வந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

பள்ளிக்கு வந்து இருபது கணக்கில் தேர்வு வைத்தேன். முப்பத்தெட்டுப் பேர் தாளையும் ஒரே சாயங்காலத்தில் திருத்தி, மதிப்பெண்ணை வைத்து மூன்றாகப் பிரித்தேன். குழுக்களுக்கு ஊருக்கு ஏற்ற மாதிரி பெயர் வைத்தேன்: ராக்கெட், சங்குசக்கரம், மத்தாப்பு. கடைசிக் குழுவுக்கு மத்தாப்பு என்று வைத்தது, கேட்க இதமாக இருக்கட்டும் என்றுதான். பட்டாசு ஊர்ப் பிள்ளைகளை அப்படியெல்லாம் ஏமாற்ற முடியுமா? ஒரு வாரத்தில் அது “நமத்துப்போன மத்தாப்பு” ஆகிவிட்டது. சார்ட்டில் மூன்று கட்டம் வரைந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சீட்டில் எழுதி ஒட்டினேன். மாற்றி மாற்றி வைக்க வேண்டிய சீட்டுகள். குண்டூசி குத்தியிருக்க வேண்டும். நான் பசை போட்டு ஒட்டினேன். எங்கள் ஊர்ப் பசை லேசில் விடாது.

அவள் வாங்கியது இருபதுக்கு ஒன்பது. மத்தாப்பு.

அந்தக் குழுவுக்கு ஈர்க்குச்சிக் கட்டு கொடுத்தேன். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட வேண்டும், பத்துக் கட்டு சேர்ந்தால் நூறு. முதல் நாள் நான் போய்ப் பார்ப்பதற்குள் அவள் ஏழெட்டுக் கட்டு போட்டு வரிசையாக அடுக்கியிருந்தாள். மற்றவர்கள் இரண்டாவது கட்டில் இருந்தார்கள். ஒரு கட்டை எடுத்து எண்ணினேன். பன்னிரண்டு. அடுத்ததும் பன்னிரண்டு. எல்லாமே பன்னிரண்டு.

“ஒனக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியாதா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். எட்டுக் கட்டிலும் தவறாமல் பன்னிரண்டு வைக்கிறவளுக்கு எண்ணத் தெரியாது என்று ஒரு கணக்கு டீச்சர் நினைத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவள் ஒவ்வொரு கட்டிலிருந்தும் இரண்டிரண்டு குச்சியை உருவி வைத்தாள். மறுநாளிலிருந்து பத்துப் பத்தாகவே கட்டினாள். என் பாடம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பிலும் நான்தான், எட்டிலும் நான்தான். அவள் மத்தாப்பிலேயே இருந்தாள். கையில் குச்சி இருந்தால் பத்து, தாளில் எழுதினால் மறுபடியும் பழைய குளறுபடி. ஒருநாள் வாய்ப்பாடு கேட்டேன். ராக்கெட் குழுவே பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் திக்கியது. அவள் மூச்சு விடாமல் பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்துநாலு வரை ஒப்பித்து முடித்தாள். மனப்பாடம் செய்திருக்கிறாள், புத்திக்கு ஏறாவிட்டாலும் நாக்குக்கு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனேன். மூன்று வருடத்தில் அவள் என் வகுப்பில் ஒருமுறைகூடத் தானாகக் கையைத் தூக்கியதில்லை. பலகைக்குக் கூப்பிட்டால் வருவாள். விடையை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

எட்டாம் வகுப்பு அரையாண்டு மதிப்பெண் அட்டையில் நான் எழுதியது: ‘கணக்கு சுத்தமாக வரவில்லை. எவ்வளவு சொல்லியும் பயனில்லை.’ கீழே கையெழுத்து.

பங்குனி வெயில் ஏறியபோது, ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் விண்ணப்பங்களை வாங்கிச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லோரும் கொடுத்தார்கள். அவள் மட்டும் கொடுக்கவில்லை. கேட்டால், “அப்பா யோசிக்கணும்னாரு டீச்சர்” என்றாள். நாலு நாள் அதையே சொன்னாள். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விண்ணப்பத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி அவள் வீட்டுக்கே போனேன். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. என் பள்ளியில் இருந்து ஒரு பிள்ளைகூட எட்டோடு நிற்கக் கூடாது என்ற வீம்பும் இருந்தது.

இரண்டு அறை வீடு. முன்னறைத் தரையில் அவள் அம்மா பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தார். மருந்து வைப்பதெல்லாம் கம்பெனியில். வீட்டுக்கு வருவது வெறும் காகிதமும் கம்பியும் பசையும்தான். காகிதத்தைக் கம்பியில் சுற்றி, உருட்டி, ஓரத்தில் பசை தடவி, உருவிப் போட வேண்டும். அவர் கை நிற்கவே இல்லை. பிள்ளை ஒரு மூலையில் நீள நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் அப்பா பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். அன்று லீவு.

“வாங்க டீச்சர், உக்காருங்க. குடிக்கக் கலர் வாங்கியாரச் சொல்லவா?” என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தை எடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. டி.வி. மேலே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த மதிப்பெண் அட்டையை எடுத்து வந்தார்.

“நான் படிச்சவன் இல்ல டீச்சர். நீங்க எழுதுனத இவளத்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கணக்கு சுத்தமா வரலன்னு எழுதியிருக்கீக. எம்புட்டுச் சொல்லியும் பிரயோசனம் இல்லன்னு எழுதியிருக்கீக. அதுக்கு மேல நான் என்ன செய்ய? ஒம்பதாப்புல கொண்டு போய்ப் போட்டுப் பெயிலாக்கி, நாலு பேரு சிரிக்கவா? தையல் பழகட்டும்னு இருக்கேன்.”

அந்த அட்டையை அந்தப் பிள்ளையே தன் வாயால் வாசித்திருக்கிறாள். ஒரு வார்த்தை விடாமல் வாசித்திருப்பாள், அப்படிப்பட்ட பிள்ளைதான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவள் கீழே வைத்திருந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

அன்றன்று உருட்டிய குழாயின் எண்ணிக்கை அதில் இருந்தது. அம்மா கையெல்லாம் பசை, நோட்டைத் தொட்டால் தாள் ஒட்டிக்கொள்ளும். அதனால் பள்ளி மூடிக் கிடந்த காலத்திலிருந்து எழுதுவது பிள்ளைதான். பென்சிலால் கோடு போட்டு மூன்று கட்டம். காலையில் உருட்டியது ஒரு வரி, சாயங்காலம் உருட்டியது அடுத்த வரி, கீழே கூட்டு. பழக்க தோஷம், என் கண் தானாகவே கூட்டிப் பார்த்தது. முதல் பக்கத்திலேயே பிடித்துவிட்டேன்.

“இங்க பாருங்க, இதுவும் தப்பு” என்றேன். குரலில் லேசாக வெற்றி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். “ஏழும் எட்டும் பதினஞ்சு. அஞ்சு போடணும். மூணு போட்டிருக்கா.”

அவள் அம்மா குழாயை உருட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “அது தப்பா இருக்காது டீச்சர். கம்பெனிக்காரரு எண்ணிப் பாத்துத்தான் எடுத்துட்டுப் போறாரு. இம்புட்டு வருசத்துல ஒரு குழா கூடக் கொறஞ்சதில்ல, ஒரு குழா கூடுனதும் இல்ல.”

“அதெப்படி?”

“பதினஞ்சுல ஒரு டஜன் போனா மூணுதான?” என்றார் அவர்.

நோட்டைத் திரும்பப் பார்த்தேன். மூன்று கட்டத்துக்கும் மேலே பொடி எழுத்தில் தலைப்பு இருந்தது. குரோஸ், டஜன், உதிரி. எங்கள் பக்கத்தில் குழாயோ தீப்பெட்டியோ, எண்ணுவது அப்படித்தான். பன்னிரண்டு உதிரி சேர்ந்தால் ஒரு டஜன், பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ். உதிரி பன்னிரண்டைத் தொட்டால்தான் அடுத்த கட்டத்துக்கு ஒன்று ஏறும். பத்தும் பதினொன்றும் அந்தக் கட்டத்திலேயே நிற்கும். பக்கங்களைத் திருப்பினேன். மூன்று டஜன் ஆறு, அதன் கீழே இரண்டு டஜன் நாலு. கூட்டினால் டஜன் கட்டத்தில் 5, உதிரிக் கட்டத்தில் 10. ஐந்து டஜனும் பத்து உதிரியும். நடுவில் இருக்கும் அந்தப் பென்சில் கோட்டை எடுத்துவிட்டால் 510.

மூன்று வருடத்துக்கு முன் பலகையில் அவள் எழுதியது இதுதான்.

ஒரு தாளைக் கிழித்து 47, 38 என்று எழுதி அவளிடம் நீட்டினேன். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். 83 என்று எழுதினாள். “எப்படி வந்த?” என்று கேட்டேன். மூன்று வருடத்தில் அவளிடம் இதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, “நாலு டஜன் ஏழு, மூணு டஜன் எட்டு” என்றாள். குரல் அவ்வளவு சன்னமாக இருந்தது. “எட்டு டஜன் மூணு டீச்சர்.”

“பள்ளிக்கூடத்துல பத்துக்கு ஒண்ணு ஏத்தணும்மா. பன்னெண்டுக்கு இல்ல. இந்தக் கட்டம் டஜன் இல்ல, பத்து. நீ அம்புட்டுக் குச்சிக் கட்டு கட்டுனயே, அந்தப் பத்து.”

அவள் தாளில் தான் எழுதிய 3இன் மேல் பென்சில் முனையை வைத்தாள். “குச்சிக்கு மட்டுந்தான் பத்துன்னு நெனச்சேன் டீச்சர். எழுதுனா பன்னெண்டுன்னு நெனச்சேன்.” பிறகு நோட்டைக் காட்டி, “அப்ப இது தப்பா டீச்சர்?” என்று கேட்டாள்.

அவள் பயந்தது அதற்குத்தான் என்று எனக்குப் பட்டது. ஏழெட்டு வயதிலிருந்து தினமும் அம்மாவோடு உட்கார்ந்து எழுதிய நோட்டு. “இல்ல, அது சரி. ரெண்டும் சரி. எத்தனையக் கட்டுனா ஒரு கட்டுங்கறது மட்டுந்தான் வேற” என்றேன். தாளைத் தன் பக்கம் இழுத்து அவளே 85 என்று திருத்தினாள். அடுத்து 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னேன். 25. மூன்று இலக்கம் கொடுத்தேன். அதுவும் சரி. அரை மணி நேரத்தில் இருபது கணக்குப் போட்டிருப்பாள், ஒன்றுகூடப் பிசகவில்லை. இருநூறு குழாய் எத்தனை குரோஸ், எத்தனை டஜன், எத்தனை உதிரி என்று கேட்டேன். தாளைத் தொடாமல், “ஒரு குரோஸ், நாலு டஜன், எட்டு” என்றாள். எங்கள் பள்ளியில் என்னைத் தவிர எத்தனை பேர் அதைத் தாள் இல்லாமல் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நானே இரண்டு முறை சரிபார்த்தேன்.

நிமிர்ந்து அவள் அப்பாவிடம் சொன்னேன். “தப்பு எம்பேர்லதான் அண்ணாச்சி. இவளுக்குக் கணக்கு வரும். என் வகுப்புல இவ அளவுக்கு வர்ற பிள்ளை இல்ல. நாந்தான் பாக்கல.” மதிப்பெண் அட்டையை எடுத்து, நான் எழுதியதை நானே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, “அன்னைக்குச் சொன்னதும் டீச்சர் சொல்லுதான், இன்னைக்குச் சொல்றதும் டீச்சர் சொல்லுதான்” என்றார். “மூணு வருசமா வராதுன்னீக, நம்புனோம். இப்ப அரை மணி நேரத்துல வருதுங்கறீக. நாளைக்கு அங்கன உள்ள டீச்சரு வந்து இன்னொண்ணு சொல்வாக. நான் எத நம்ப, நீங்களே சொல்லுங்க.”

அவர் கேட்டது நியாயம். நான் எதைச் சொன்னாலும் அதுவும் டீச்சர் சொல்லாகத்தான் இருக்கும். நீட்டிய விண்ணப்பத்தைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன்.

அதுவரை நிற்காத அம்மாவின் கை அப்போதுதான் நின்றது. “டீச்சரம்மாவ நம்ப வேணாம்” என்றார் கணவரிடம். “நோட்ட நம்புங்க. அத எழுதுறது யாரு? நீங்களா, நானா? ஒரு நாளாவது கணக்குப் பெசகி, கம்பெனிக்காரரு நம்ம வாசல்ல நின்னு பேசியிருக்காரா? ஏழு வயசுல இருந்து இந்த வீட்டுக் கணக்கு அவ கையிலதான் நிக்குது. இவளுக்குக் கணக்கு வராதுன்னு அந்த அட்டையில எழுதியிருந்தா, அது அட்டையோட தப்பு. நமக்காவது தெரிஞ்சிருக்க வேணாமா?”

அப்படிச் சொல்லிவிட்டு அவர் அழுதார். பசைக் கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிள்ளை எழுந்து போய் அம்மாவின் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டாள். அவள் அப்பா மதிப்பெண் அட்டையை உறைக்குள் போட்டு, டி.வி. மேலே திரும்ப வைத்தார். பிறகு, “எங்கன கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய தாள்களைத் தேடினேன். பீரோவுக்கு மேலே கட்டிக் கிடந்தன. அவளுடைய ஆறாம் வகுப்புத் தாளை எடுத்து ஒரு கணக்கு விடாமல் பார்த்தேன். இலக்கம் மாறாத கணக்கெல்லாம் சரி. ஒருமுறை ஏற்றிக் கூட்டிய இடத்தில் விடை இரண்டு குறைந்திருந்தது, ஒருமுறை கடன் வாங்கிக் கழித்த இடத்தில் இரண்டு கூடியிருந்தது. ஒன்றுகூட விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்ட தப்பு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. பதினொரு இடத்திலும் என் சிவப்பு மை. என் வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். சொன்னேன். “நெல்லைக் கொட்டுனா அள்ளிரலாம், வேற என்ன சொல்ல” என்றார். பழமொழியின் மறுபாதியை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் சார்ட்டைக் கழற்றினேன். அவள் பெயர்ச் சீட்டை மட்டும் எடுத்து ராக்கெட் கட்டத்தில் வைக்கத்தான் முதலில் பார்த்தேன். நகத்தால் சுரண்டினேன், சீட்டு வரவில்லை, சார்ட்டே கிழிந்துகொண்டு வந்தது. மொத்தத்தையும் சுருட்டிக் குப்பையில் போட்டேன். வகுப்பில் நின்று நடந்ததைச் சொன்னேன். 510 என்பது ஐந்து டஜன் பத்து, அவள் வீட்டுக் கணக்குப்படி அது சரியான விடை, நான் கேட்காமல் சிரித்தேன், நான் சிரித்ததைப் பார்த்து நீங்களும் சிரித்தீர்கள், தப்பு என்னுடையது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. இனி யாரும் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றும் சொன்னேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், “டீச்சர், நாங்க பேப்பர் எண்ணும்போது இருபத்துநாலு தாளு ஒரு கட்டு, குயருன்னு சொல்வோம்” என்றான். அவன் அப்பா அச்சகத்தில் வேலை பார்க்கிறவர். அவனும் மத்தாப்புதான். அவன் தாளையும் நான் திருத்தியதோடு சரி, இப்படிப் பார்த்ததில்லை.

இப்போது பிள்ளைகளைப் பிரிக்காமல் இல்லை. பிரிக்காமல் முப்பத்தெட்டுப் பேருக்குப் பாடம் நடத்த முடியாது. குண்டூசி வைத்திருக்கிறேன். தப்பு விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மை வைப்பதற்கு முன், பிள்ளையைக் கூப்பிட்டு, எப்படி வந்த என்று கேட்கிறேன். நேரம் பிடிக்கிறது, பாடம் பாதியில் நிற்கிறது, தலைமை ஆசிரியர் ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று கேட்கிறார். கேட்டுக்கொள்கிறேன். சில நாள் கோபம் வரத்தான் செய்கிறது, நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

பள்ளிகள் திறந்து மூன்று வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். புது யூனிஃபார்ம், தோளில் பை, சுற்றிலும் அவளை மாதிரியே பிள்ளைகள். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அவளுடைய உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

அதற்குள், “ஏ ஐநூத்திப்பத்து” என்று ஒரு குரல். நான் இதுவரை பார்த்திராத பிள்ளை, எங்கள் பள்ளியில் படித்தவள் இல்லை. “பஸ்ஸு வருது பாரு.”

அவள் சுருங்கவில்லை, முகம் மாறவில்லை. தன் பெயரைச் சொன்னால் எப்படித் திரும்புவாளோ அப்படித் திரும்பி, “இந்தா வாரேன்” என்றாள். அப்போதுதான் என்னைப் பார்த்து ஓடி வந்தாள். “வணக்கம் டீச்சர். மொத டெஸ்ட்டுல கணக்குல தொண்ணூத்தெட்டு வாங்கியிருக்கேன்.”

“அங்கயும் இந்தப் பேருதானாம்மா?” என்று கேட்டேன்.

“ஆமா டீச்சர். நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைக சொல்லி, எல்லாருக்கும் பழகிருச்சு.”

“ஒனக்குக் கோவம் வரலையா?”

பை வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். “மொதல்ல வந்துச்சு டீச்சர், ஆறாப்புல” என்றாள்.

பஸ் வந்து நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறினாள். உள்ளே இருந்து யாரோ பாசமாக, “ஐநூத்திப்பத்து, இங்கன வா, ஒனக்கு எடம் போட்டிருக்கேன்” என்று கூப்பிட்டார்கள். அவள் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.